மார்கழி வானில் எம்.33

தொலைநோக்கி வாங்கியவர்கள் நிலவில் தொடங்குவார்கள். சனியின் வளையத்தில் சொக்கிப்போவார்கள். ஓரியன் நெபுலாவில் சில காலம் தங்கிவிட்டு ஆண்ட்ரோமெடாவுக்குப் போவார்கள். நானும் அந்த வழியில்தான் போனேன். ஆண்ட்ரோமெடாவோடு நின்றுவிடாமல் என்னை மேலே இழுத்துப் போனது ஓர் எண். பதினெட்டாம் நூற்றாண்டில் சார்ல் மெசியே என்ற பிரெஞ்சு வானியலாளர் தொகுத்த பட்டியலில் ஆண்ட்ரோமெடா 31ஆவது. இரண்டு வரி தள்ளி 33. 1764 ஆகஸ்ட் 25 அன்று அவர் அதைப் பார்த்துக் குறித்துவைத்தார். முக்கோணம் என்ற சின்ன விண்மீன் குழுவில் இருப்பதால் அதை முக்கோண கேலக்ஸி என்கிறார்கள். நம் பால்வீதி இருக்கும் வட்டாரத்தில் ஆண்ட்ரோமெடாவும் பால்வீதியும் முதல் இரண்டு. மூன்றாவது பெரியது இது. தொலைவு ஏறத்தாழ 27 லட்சம் ஒளியாண்டு. குறுக்களவு சுமார் 60,000 ஒளியாண்டு.

பட்டியலில் அதன் பிரகாசம் 5.7 என்று போட்டிருந்தது; இந்தக் கணக்கில் எண் கூடினால் மங்கல். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை 6 என்பார்கள். அப்படியானால் தொலைநோக்கிக்கு இது பெரிய விஷயமே இல்லையே என்று வேலூர் வீட்டு மொட்டை மாடியில் தேடினேன். அசுவினி நட்சத்திரம் தெரிந்தது. முக்கோணத்தின் மூன்று மூலைகளும் தெரிந்தன. எம்.33 இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வானம் மட்டும் இருந்தது. கண்வில்லையை மாற்றிப் பெரிதாக்கினால் தெரியும் என்று பார்த்தால், பெரிதாக்க ஆக்க இன்னும் இல்லாமல் போனது.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 5.7 என்பது அந்த கேலக்ஸியின் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் கணக்கு. ஆனால் எம்.33 புள்ளி அல்ல. வானத்தில் இரண்டு முழு நிலவுகளை அடுத்தடுத்து வைத்தால் எவ்வளவு நீளமோ, அதைவிடக் கூடுதலான நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஒரு கரண்டிச் சர்க்கரையை டம்ளர் தண்ணீரில் போட்டால் இனிக்கும்; அதே சர்க்கரையைக் குடத்தில் கரைத்தால் நாக்குக்குத் தெரியாது. எம்.33இன் ஒளி குடத்தில் கரைந்த ஒளி. சராசரியாகப் பார்த்தால், மின்விளக்கே இல்லாத மிக இருண்ட வானத்துக்குக்கூட இயற்கையாக இருக்கும் மெல்லிய வெளிச்சத்தைவிட இதன் மேற்பரப்பு மங்கல். வானத்தோடு சேர்ந்து வரும் சிறு மிகுதியாகத்தான் அது நம்மை வந்தடைகிறது. நகரத்து வானம் அந்த மிகுதியைப்போல நூறு மடங்கு பிரகாசமாக இருக்கும்போது கண் எதைக் கண்டுபிடிக்கும்?

அது தெரிந்த பிறகு இந்த கேலக்ஸியைப் படம் எடுத்தே தீர வேண்டும் என்ற ஆசை வந்தது. அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருந்தது. எம்.33ஐப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி புகைப்படத்தால் வந்தது. அயர்லாந்தில் ராஸ் பிரபு தமது 72 அங்குலத் தொலைநோக்கியால் 1850 வாக்கிலேயே அதில் சுருள் வடிவத்தைக் கண்டு கையால் வரைந்தவர்தான். ஆனாலும் அது என்ன, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அடுத்த எழுபது ஆண்டுகளுக்குப் புதிராகவே இருந்தது. பால்வீதிக்குள்ளே சுழலும் வாயு மேகம் என்று ஒரு சாரார். பால்வீதிக்கு வெளியே உள்ள தனி உலகம் என்று இன்னொரு சாரார். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானோக்கு நிலையத்தில் இருந்த வானியலாளர் வான் மானென், சில ஆண்டு இடைவெளியில் எடுத்த புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டு, எம்.33 போன்ற சுருள்கள் சுழல்வதைத் தாம் அளந்துவிட்டதாக அறிவித்தார். அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டுமானால் அவை அருகில்தான் இருக்க வேண்டும். தொலைவில் இருந்தால் அந்தச் சுழற்சி ஒளியின் வேகத்தை மிஞ்சிவிடும்.

அதே மலையில், 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹபிள் எடுத்த தகடுகள் வேறு கதை சொல்லின. 1926இல் அவர் எம்.33க்கென்றே ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் 35 செஃபீட் விண்மீன்கள் இருந்தன. கூடிக் குறையும் ஒளியின் கால அளவைக் கொண்டு உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடக்கூடியவை அவை. கணக்குப் போட்டால் தொலைவு எட்டரை லட்சம் ஒளியாண்டு. இன்றைய மதிப்பில் அது மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், எம்.33 பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. எம்.33 சுழல்வது மெய்தான், ஆனால் வான் மானென் சொன்ன வேகத்தில் அல்ல. அந்த நகர்வை வானத்தில் நேரடியாக அளந்து வெளியிட 2005ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரேடியோ தொலைநோக்கிகளின் வலையமைப்பால், கேலக்ஸியின் இரு பக்கங்களில் உள்ள நீராவி மேசர்கள் என்ற ரேடியோ மூலங்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிய வேகத்தில் ஒரு முழு நிலவின் அகலத்தைக் கடக்க ஏறக்குறைய 6 கோடி ஆண்டு ஆகும். இவ்வளவு வரலாறு உள்ள ஒரு பொருளை என் கையால் ஒருமுறை பதிவுசெய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் தடை பருவம். எம்.33 நள்ளிரவில் உச்சிக்கு வருவது அக்டோபர் நடுவில். வட நாட்டுக்காரர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் அது பொற்காலம். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியும் கார்த்திகையும் மேகத்துக்குச் சொந்தம். மழை விட்டு வானம் கழுவிவிட்டாற்போல் தெளியும்போது மார்கழி பிறந்திருக்கும். கேலக்ஸியின் நல்ல காலம் பாதி முடிந்திருக்கும். மார்கழி அமாவாசையை ஒட்டி, ஏழு மணிக்கு இருட்டு முழுதாகக் கவியும்போது எம்.33 உச்சியைத் தொட்டுவிட்டு மேற்கே சாயத் தொடங்கும். தை அமாவாசையில் இன்னும் சாய்ந்திருக்கும். ஓர் ஆண்டில் நமக்குக் கிடைப்பது இந்த இரண்டு அமாவாசைகளும், அவற்றுக்கு முன்னும் பின்னும் சில இரவுகளும்தான். அந்த இரவுகளிலும் முதல் மூன்று நான்கு மணி நேரம் மட்டுமே.

இரண்டாவது தடை இடம். அதற்கு விடை பக்கத்திலேயே இருந்தது. ஜவ்வாது மலையின் காவலூரில் 1960களில் வானோக்கு நிலையம் அமைக்க இடம் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, 1949இல், புகைப்படத் தகட்டில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர் அவர். பாப்பு-பாக்-நியூகர்க் என்று அதற்குப் பெயர். இன்று அந்த நிலையமும் அங்கே 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. இருட்டைத் தேடி அலைந்த ஒருவர் தேர்ந்த மலை எனக்கும் போதும் என்று போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் பக்கம் ஏறினேன். அங்கே ஒரு நண்பர் மூலம் அறிமுகமான மலைவாசிப் பெரியவர் ஒருவர், சாமை அடித்து முடித்த தம் களத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். சாணம் போட்டு மெழுகிய இறுகிய தரை. முக்காலி அசையாமல் நிற்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாவது தடை நம் அட்சரேகை. பூமி சுழல்வதால் வானம் நகர்கிறது. அந்த நகர்வுக்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்கும் மவுண்டின் அச்சு, வானத்தின் வட துருவத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரம் அந்தந்த ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில் இருக்கும். லண்டனில் 51 டிகிரி. ஜவ்வாது மலையில் பன்னிரண்டரை. அவ்வளவு தாழ்வில் அது பெரும்பாலும் புகைமூட்டத்துக்குள்ளேயோ மரக்கிளைக்குப் பின்னாலேயோ இருக்கும். பெரியவரின் களத்தில் வடக்கே ஒரு குன்றே மறைத்துக்கொண்டிருந்தது. அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். நடுவே ஓர் உயரக் குழாயைப் பொருத்தித்தான் சமாளிக்க முடியும். தொலைநோக்கிக் கையேடுகள் துருவ நட்சத்திரத்தை வைத்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்யச் சொல்லித்தருகின்றன. நம் நாட்டு ஆர்வலர்களில் பலருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

எனக்குக் கைகொடுத்தது பழைய நகர்வு முறை. தெற்கே, உச்சிக்கோட்டுக்கு அருகில் ஒரு விண்மீனைப் பிடித்து, குறுக்குக் கோடு உள்ள கண்வில்லையின் நடுவில் நிறுத்த வேண்டும். மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். கோட்டின் மேல் விண்மீன் உட்கார்ந்திருக்கும். கண்ணை எடுக்காமல் சில நிமிடம் காத்திருந்தால் மெள்ள மெள்ளக் கோட்டை விட்டு மேலேயோ கீழேயோ நகரும். எந்தப் பக்கம் நகர்கிறது என்பது, அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறதா மேற்கே திரும்பியிருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும். பக்கவாட்டுத் திருகை மயிரிழை அளவு திருப்பிவிட்டு மறுபடியும் காத்திருக்க வேண்டும். பிறகு கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு விண்மீனைப் பிடித்து, அச்சின் உயரத்தையும் இதே போலச் சரிசெய்ய வேண்டும். கடைசியில் ஒரு கட்டத்தில் விண்மீன் கோட்டை விட்டு அசையாது. துருவத்தைப் பார்க்காமலே துருவத்தைப் பிடித்துவிட்டோம் என்று அப்போது வரும் நிறைவு, படம் எடுத்த பிறகுகூட எனக்கு வந்ததில்லை.

என் தொலைநோக்கி 80 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட சின்னது. எம்.33க்குச் சின்னதே பொருத்தம். பெரிய குழாயில் கேலக்ஸி முழுதாக அடங்காது. கேமரா பழைய டி.எஸ்.எல்.ஆர். சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கும். ஹைட்ரஜன் மேகங்கள் வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். கல்யாண வீட்டுப் படத்துக்கு அது தேவை. விண்மீன் பிறக்கும் மேகங்களுக்கு அது எதிரி. அதனால் அதைக் கழற்றி வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு குட்டித் தொலைநோக்கியும் இன்னொரு கேமராவும் ஒரே விண்மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது துளி நகர்ந்தாலும் மவுண்டுக்குத் திருத்தம் போகும். லேப்டாப் திரையின் மேல் சிவப்பு செலோஃபேன் தாள் ஒட்டியிருப்பேன், இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க.

படங்களை இரண்டிரண்டு நிமிடமாக எடுத்தேன். ஒரு படத்தைத் தனியாகத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும்: பழுப்புப் பின்னணி, அதன் மேல் விண்மீன்கள், நடுவில் விரலால் தேய்த்த மாதிரி ஒரு கறை. ஆனால் ஒவ்வொரு படத்திலும் கேலக்ஸியின் ஒளி அதே இடத்தில் விழுகிறது; இரைச்சல் மட்டும் இடம் மாறி மாறி விழுகிறது. படங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது நிலையானது தங்கும், தற்செயலானது கரையும். நான்கு மடங்கு நேரம் எடுத்தால் தெளிவு இரண்டு மடங்காகும். பதினாறு மடங்கு எடுத்தால் நான்கு மடங்கு. இந்தக் கணக்கில் குறுக்கு வழி இல்லை. அதனால் ஒரு மார்கழியில் எடுத்ததோடு அடுத்த மார்கழியில் எடுத்ததையும் சேர்த்தேன்.

மலையில் மார்கழிப் பனி சாதாரணமானதல்ல. எட்டு மணிக்கெல்லாம் முக்காலியின் கால் நனைந்து, குழாயில் நீர் வழியும். லென்ஸைச் சுற்றி இளஞ்சூடான பட்டை ஒன்றைக் கட்டி பேட்டரியில் இணைத்திருந்தால்தான் அதில் பனி படியாது. கேலக்ஸி வடமேற்கில் இறங்க இறங்க, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சமவெளியின் வெளிச்சம் வானத்தில் ஏறி அதை எதிர்கொள்ளும். அந்த மஞ்சள் விளிம்பைத் தொட்டதும் கேமராவை நிறுத்திவிடுவேன். பிறகு மூடியைப் போட்டு, அதே குளிரில், அதே இரண்டு நிமிடக் கணக்கில் இருட்டுப் படங்கள் எடுக்க வேண்டும். சென்சாரின் சொந்தக் குறைகளைக் கழிக்க அவை தேவை. அந்த நேரத்தில் பெரியவரின் வீட்டம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைப்பார். பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

ஓர் இரவு அவரிடம் பைனாகுலரைக் கொடுத்து எம்.33 இருக்கும் இடத்தைக் காட்டினேன். நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்க்கச் சொன்னேன்; மங்கலான ஒளிக்கு விழித்திரையின் ஓரம்தான் கூர்மை. வெகுநேரம் பார்த்துவிட்டு, “பஞ்சு மாதிரி ஏதோ கிடக்குது சார்” என்றார். அவ்வளவுதான் அது. பத்துக்கு ஐம்பது பைனாகுலரில், இருண்ட வானத்தில், தெரியக்கூடியது அதுவே. அதைப் பார்த்துவிட்டவர் அந்த கேலக்ஸியின் நான்காயிரம் கோடி விண்மீன்களின் ஒளியைப் பார்த்துவிட்டார்.

கடைசியில் எல்லாப் படங்களையும் வீட்டில் சிரில் என்ற இலவச மென்பொருளில் சேர்த்தேன். கூட்டி முடித்த படம் முதலில் கறுப்பாகத்தான் இருக்கும். ஒளி அளவுகளை இழுத்து விரிக்கும்போது, நடுவிலிருந்து இரண்டு கைகள் எஸ் வடிவில் திறந்தன. அவை தொடர்ச்சியான கைகள் அல்ல. நீலத் திட்டுகள், இடையே தூசிக் கோடுகள், மறுபடியும் திட்டுகள். ஆண்ட்ரோமெடாவுக்கு இருப்பது போன்ற மஞ்சள் புடைப்பு நடுவில் கிடையாது. அங்கே பெரிய கருந்துளை இருப்பதற்கான சான்றும் கிடைக்கவில்லை. இளம் விண்மீன்கள் மிகுந்த, இன்னும் நிறைய வாயுவைக் கையில் வைத்திருக்கும் கேலக்ஸி அது.

வடகிழக்குக் கையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. பெரிதாக்கினேன். புள்ளிக்கு ஓர் உருவம் இருந்தது; நடுவில் வெளிர், ஓரத்தில் சிவப்பு, ஒரு பக்கம் சற்றே பிய்ந்தது போல. அதுதான் என்.ஜி.சி. 604. வில்லியம் ஹெர்ஷல் 1784 செப்டம்பர் 11 அன்று தனியாகக் கண்டு குறித்த மேகம். சுமார் 1,500 ஒளியாண்டு அகலம். மிருகசீரிடத்துக்குக் கீழே நாம் காணும் ஓரியன் நெபுலா அதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அந்த மேகம் ஓரியன் நெபுலாவின் தூரத்தில் இருந்திருந்தால் இரவு வானில் வெள்ளியைவிடப் பிரகாசமாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 27 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன்கள் கூட்டமாகப் பிறக்கும் ஓர் இடத்தை, கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு குழாய் காட்டிவிட்டது. திரையின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

படத்தை அச்சிட்டுப் பெரியவரிடம் கொண்டுபோனேன். வீட்டம்மாவும் பேரப் பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். “கண்ணுக்குத் தெரியாததை இந்த டப்பா மட்டும் எப்படிப் பார்க்குது?” என்று பெரியவர் கேட்டார். கண் வந்த ஒளியை உடனே விட்டுவிடும், கேமரா சேர்த்துவைக்கும் என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, “நான் சின்னப் பையனா இருக்கச் சொல்ல இதைவிட நெறைய மீனு இருந்துச்சி சார். கரண்டு வந்தப்புறம் கொறஞ்சி போச்சி” என்றார். பிறகு அவரே தொடர்ந்தார்: “அதுக்காக கரண்டு வேணாம்னு சொல்ல முடியுமா? பாம்பு திரியுற ஊரு.”

அவர் சொன்னது முழு நியாயம். மலைக்குத் தாமதமாக வந்த வெளிச்சத்தை, படம் எடுக்க வந்துபோகிறவர்கள் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த முறை போனபோது அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாற்றம் இருந்தது. பழைய எண்ணெய் டின்னை வெட்டி வளைத்து பல்புக்கு மேலே கவிழ்த்திருந்தார். மேலேயும் பக்கத்திலும் சிதறிக்கொண்டிருந்த வெளிச்சம் முழுவதும் வாசலில் விழுந்தது. வாசல் முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது. களத்திலிருந்து பார்த்தால் பல்பு கண்ணில் படவே இல்லை. பாம்பும் தெரியும், மீனும் தெரியும். ஒரு காசு செலவில்லை.

எம்.33ஐ எடுக்கத் தேவைப்பட்டவற்றில் விலைக்குக் கிடைக்காதது இருட்டு ஒன்றுதான். கருவி வாங்கலாம், மென்பொருள் இலவசம், பொறுமையைப் பழகிக்கொள்ளலாம். போய்விட்ட இருட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. லடாக்கின் ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதியை 2022இல் இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே விளக்குகளுக்கு மூடி போட்டும் திசை திருப்பியும் ஊர்க்காரர்களே வானத்தைக் காக்கிறார்கள். வைணு பாப்பு தேர்ந்தெடுத்த மலைக்கும், நம் மற்ற மலைகளுக்கும் அதே அக்கறை வேண்டும்.

தெருவிளக்கு போடும் ஊராட்சிகளும், தோட்டத்துக்கும் விடுதிக்கும் விளக்கு மாட்டும் உரிமையாளர்களும், வீட்டு வாசலில் பல்பு எரியவிடும் நாம் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள், மேலே போகவிடாதீர்கள். இந்த மார்கழியில் மலைப்பக்கம் போக வாய்த்தால் ஒரு பைனாகுலரை எடுத்துப்போய், அசுவினிக்கும் ஆண்ட்ரோமெடாவுக்கும் இடையே தேடிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.